மருந்துக்கடை போர்டுக்குப் பின்னால்

மார்ச் 4, செவ்வாய்

கைப்பிடிச் சோதனையில் இன்று ஒரு பெட்டி ஐயாயிரம் தடவை தாங்கியது. உள்ளே இருபது கிலோ எடை. மெஷின் தூக்கும், இறக்கும், தூக்கும், இறக்கும். நான் பக்கத்தில் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக உட்கார்ந்திருப்பேன். பிரயாணப் பெட்டி செய்கிற கம்பெனியில் பெட்டியை உடைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். பதினோரு வருஷம் ஆயிற்று.

தாங்கிய பெட்டியை அடுத்த மேசைக்குத் தள்ளினேன். சீல் அக்கா அதில் 'பாஸ்' என்று குத்திவிட்டு, வழக்கம்போலப் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டார். சோதனைக்கு வந்த பெட்டி எதுவும் கடைக்குப் போகக் கூடாது. பாஸானாலும் சரி.

மதியம் போனில், நான் பழகுகிற அந்த பஸ் டிரைவரிடம் இதைச் சொன்னேன்.

"பாஸான பெட்டிக்குமா ஓட்டை?"

"ஆமா. அவ்வளவு அடி வாங்கினதை எப்படி விக்கிறது?"

"பாவம் அந்தப் பெட்டி. ஒழுங்கா தாங்கினதுக்கு அதுக்கு என்ன கிடைச்சுது?"

சிரித்துவிட்டேன். பிறகு சாயங்காலம் வரை அவர் எதை மனசில் வைத்து அப்படிச் சொன்னார் என்று குடைந்துகொண்டிருந்தேன். ஒரு பேச்சைப் பேச்சாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

அவர் வந்திருந்தார். மூன்று வருஷமாகத் திறக்காத ஜன்னல் தாழ்ப்பாளோடு எண்ணெயும் சுத்தியுமாக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்துவிட்டார். திறந்தால் எதிரே தண்ணீர்த் தொட்டியின் சுவர். "காத்தாவது வருதே" என்றார். வருகிறது, உண்மைதான்.

பழக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. காலை ஏழு பத்து பஸ்ஸின் டிரைவர் அவர். போன ஜூலையில் ஒருநாள் பஸ் கிளம்பிவிட்டது, நான் பின்னாலேயே ஓடினேன். கத்தவில்லை, கையும் காட்டவில்லை. சும்மா ஓடினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்தினார். மூச்சு வாங்க ஏறியவளைப் பார்த்து, "கையைக் காட்டினா நிறுத்த மாட்டேனா? வாய்னு ஒண்ணு எதுக்குங்க இருக்கு?" என்றார். "பரவால்ல, அடுத்த பஸ்ல வந்திருப்பேன்" என்றேன். "அடுத்த பஸ் நாப்பது நிமிஷம் கழிச்சு" என்றார். மறுநாளிலிருந்து நான் ஏறும்போது ஒரு சின்னத் தலையசைப்பு. அப்புறம் ஒரு டீ. அப்படியே வளர்ந்தது. அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்தாறு. அவரைப் பார்த்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்தால் யாரும் திரும்ப மாட்டார்கள். வழிதான் கேட்பார்கள்.

பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். "உன் குரல் நல்லா இருக்கு" என்றார்.

"கிண்டலா?"

"கிண்டல் பண்ணா சொல்லிட்டுத்தான் பண்ணுவேன்."

முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அதற்கப்புறம் நான் முணுமுணுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

பஸ்ஸில் முதல் சீட்டில் ஒரு நர்ஸ் உட்கார்கிறாள். ஒரு மாதமாக. நல்ல பல்வரிசை, அதைக் காட்டத் தயக்கமும் இல்லை. இன்று அவள் என்னவோ சொல்ல, இவர் சிரித்தார். என்ன சொன்னாள்? டிரைவரோடு பேசக் கூடாது என்று எழுதித்தானே ஒட்டியிருக்கிறார்கள்!

இறங்கும்போது வழக்கம்போல எனக்கும் தலையசைத்தார். எல்லோருக்கும் அசைக்கிற தலை அது.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மா இருப்பது அங்கேதான். அவரை முதல் தடவையாகக் கூட்டிப் போனேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, அம்மா வேன் கதையை எடுக்கும் வரைக்கும். புது ஆள் யார் வந்தாலும் எங்கள் வீட்டில் அந்தக் கதை உண்டு.

எனக்கு ஒன்பது வயசு. வாடகை வேன் பிடித்துப் பதினாலு பேர் ஊர் சுற்றக் கிளம்பினோம். வழியில் பெட்ரோல் பங்கில் நான் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தால் வேன் இல்லை. மீதியை அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்: "நாப்பது கிலோமீட்டர் போயிட்டோம். எனக்குத் தாகம் எடுக்குது. தண்ணி பாட்டிலைக் காணோம். சீட்டுக்கு அடியில தேடறோம், மேல தேடறோம். அப்பதான் பெரியவ சொல்றா, அது சின்னவ கையில இல்ல இருந்துதுன்னு!"

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் சிரிப்பது நான்தான். பதினாலு பேரில் நான் உப்புக்குச் சப்பாணி. பாட்டில் இல்லாவிட்டால் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன் என்று அதன்மேல் நானே ஒரு ஜோக்கும் சேர்ப்பேன்.

அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் நின்னே?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல. அஞ்சு பத்து நிமிஷம் இருக்கும்."

"நாப்பது கிலோமீட்டர் போய், வண்டியைத் திருப்பி, நாப்பது கிலோமீட்டர் வர அஞ்சு நிமிஷமா?"

டிரைவரிடம் போய்ப் பொய் சொன்னேன் பார். அக்கா சட்டென்று எழுந்துபோய்த் தட்டுகளை எடுத்தாள்.

ஒரு மணி பத்து நிமிஷம். பங்கில் பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது.

மார்ச் 19, புதன்

வேண்டுமென்றே நாலு மணி நேரம் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்று என்பது அதிகமா, குறைவா? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 3, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். யோசித்துச் செய்தது இல்லை.

தலைவலி மாத்திரை வாங்க நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். பஸ் வந்து நின்றது. நாலு எட்டு வைத்தால் ஏறியிருக்கலாம். ஆனால் கடை வாசலில் ஆளுயர போர்டு ஒன்று நிற்கிறது, அதன் பின்னால் நகர்ந்துகொண்டேன். கால் தானாகப் போயிற்று. எல்லோரும் ஏறிவிட்டார்கள். கதவு மூடவில்லை. பஸ் உறுமிக்கொண்டே நின்றது. யாருக்காக? நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லையே.

நாற்பத்து இரண்டு எண்ணும் வரை நின்றது. பிறகு போனது.

என்னை விட்டுவிட்டுக் கிளம்பாமல் ஒரு வண்டி நாற்பத்து இரண்டு விநாடி நின்றது. நாற்பது நிமிஷம் கழித்து வந்த பஸ்ஸில் ஏறி, தாமதத்துக்குச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

சாயங்காலம் "காலையில காணோமே?" என்றார். "தலைவலி. அடுத்த பஸ்ல போனேன்" என்றேன்.

"ஓ" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்னால் போக்குவரத்து நெரிசலாக இருந்திருந்தால்? அதற்காக நின்றிருந்தால்? டிக்கெட் மெஷின் மக்கர் பண்ணியிருந்தால்?

எங்கள் கம்பெனி விதி: ஒரே சாம்பிளை வைத்து முடிவு எழுதக் கூடாது. மூன்று வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

ஸ்டாப்வாட்சை நேற்றே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். போர்டுக்குப் பின்னால் நின்றேன். ஒரு நிமிஷம் முப்பத்தொரு விநாடி.

நெரிசல் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இந்த ஒரு வாரம் அவரோடு நன்றாக இருந்தேன். சண்டை பிடிக்கவில்லை, போனை எடுத்தேன், நர்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன, ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கே?" என்று கேட்டார். "ஏன், இருக்கக் கூடாதா?"

"இரேன். இப்படியே இரேன்" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் மாதிரி இருந்தது. ஏன் கெஞ்ச வேண்டும்?

ஏப்ரல் 22, செவ்வாய்

பழையபடி ஆகிவிட்டது. ஒரு நிமிஷம் முப்பத்தொன்று இரண்டு வாரத்துக்குத்தான் வந்தது. மாத்திரை மாதிரி.

இதற்கு முன்னால் ஒருத்தன் இருந்தான், நாலு வருஷம். போகும்போது என்ன சொன்னான்? "உன்கிட்ட இருக்கிற ஒரே நல்ல விஷயம், நீ எதையும் கேக்க மாட்டே." அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன் அவனுக்கு. கேட்டால் போய்விடுவார்கள். கேட்காவிட்டாலும் போகிறார்கள். கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒளிந்துதான் பார்க்க வேண்டும். வேறு என்ன வழி?

மே 8, வியாழன்

மூன்றாவது. இரண்டு நிமிஷம் பத்து விநாடி.

ஒரு நிமிஷம் தாண்டியதுமே உள்ளே சத்தம் ஆரம்பித்துவிட்டது. "யோவ் எடுய்யா வண்டியை!" என்று ஒருத்தர். ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் ஒரு லாரி. அந்த நர்ஸ் எழுந்து நின்று கத்தினாள்: "அங்க ஆபரேஷன் தியேட்டர்ல எனக்காக நிக்கிறாங்க! நீங்க யாருக்காக நிக்கிறீங்க?" போர்டுக்குப் பின்னால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இப்போதாவது ஓடிப்போய் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. கட்டைவிரல் ஸ்டாப்வாட்சின் மேலேயே இருந்தது.

அவர் வண்டியை எடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

அவ்வளவு பேர் திட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

மே 11, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் வந்தார். உட்காராமலே சொன்னார்: "நாளையிலேர்ந்து எனக்குப் பதினாலாம் நம்பர். இந்த ரூட்ல இனிமே வர மாட்டேன்." பதினாலாம் நம்பர் நகரத்தின் மறுகோடி. நர்ஸ் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். டிப்போவில் எடுத்துப் பார்த்தால் மூன்று தடவை தாமதம் பதிவாகியிருக்கிறது. "ஏன் நின்னேன்னு கேட்டாங்க. ஒரு பயணி வருவாங்கன்னு நின்னேன்னேன். எந்தப் பயணின்னாங்க. சொல்லல."

அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "நான்தான் அன்னிக்கு பஸ்ஸுக்கே வரலியே. எதுக்கு நின்னீங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். நீல வார் வைத்த செருப்பு.

"அந்த போர்டுக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி இருக்கு. இடது பக்கக் கண்ணாடியில நல்லா தெரியும்."

பூனை கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது, மூன்று நாள், அதில் இரண்டு நாள் ஸ்டாப்வாட்சோடு!

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

"தெரிஞ்சேவா நின்னீங்க?"

"முதல் நாள் ஏதோ கோவம்னு நெனச்சேன். ரெண்டாவது நாள் புரிஞ்சுது. மூணாவது நாள், இவ்வளவு நேரம் நின்னா இவளுக்குப் போதும்னு தோணிடும்னு நெனச்சேன். வந்து ஏறுவேன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டு ஒரு பொம்பளை என்ன செய்வாள்? அழுவாள். மன்னிப்புக் கேட்பாள். கையைப் பிடித்துக்கொள்வாள். நான் என்ன செய்தேன்? "அப்ப பாவம் பார்த்து நின்னீங்க. பெட்ரோல் பங்குல விட்டுட்டுப் போன பிள்ளைன்னு. அவ்வளவுதானே?" என்றேன்.

"பாவம் பார்த்திருந்தா முதல் நாளோட விட்டிருப்பேன்."

"எனக்கு யாரும் தர்மம் பண்ண வேண்டாம்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நிக்காம போயிருந்தா, பாரு இவனும் போயிட்டான்னு சொல்லியிருப்பே. நின்னா தர்மம்ங்கறே. நான் எதைச் செஞ்சா உனக்குச் சரி? நீயே சொல்லு, செய்யறேன்."

"போங்க" என்றேன். போனார்.

படித்திருப்பத்தில் நின்றார். காலடிச் சத்தம் நின்றதை வைத்துத் தெரிந்தது. எண்ணினேன். இந்தப் பாழாய்ப்போன பழக்கம்! அறுபது வரைக்கும் எண்ணினேன். கதவைத் திறக்கவில்லை.

மே 12, திங்கள்

ஏழு பத்துக்குப் புது டிரைவர். ஒரு பெண். யாருக்கும் தலையசைப்பதில்லை.

மே 25, ஞாயிறு

அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிடவில்லை. இரண்டு டம்ளர்களில் ஒன்றை மேல் அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டேன். பிறகு, அது அங்கே இருப்பது தெரிவதால், திரும்ப இறக்கிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெள்ளி சாயங்காலம் கம்பெனியை விட்டு வந்தது. இப்போது ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிட்டது. இடையில் நான் பேசிய மொத்தப் பேச்சு: "அரை லிட்டர் போதும்." பால் வாங்கும்போது.

ஜன்னலை மூடிவிடலாம் என்று பார்த்தேன். இப்போது மூட வரவில்லை. அப்படித் திறந்துவைத்திருக்கிறார் மனுஷர்.

ஜூன் 12, வியாழன்

சீல் அக்கா சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டார். "அந்த டிரைவர் தம்பி எங்கே, சத்தமே காணோம்?" எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டாப்வாட்ச் உட்பட. ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "கம்பெனி ஸ்டாப்வாட்சையா? கையெழுத்துப் போட்டு எடுத்தியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. அவர் தன் டப்பாவில் இருந்ததில் பாதியை என் டப்பாவில் தள்ளிவிட்டு வேறு பேச்சுப் பேசினார்.

பிறகு வேலையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு நிமிஷம் பத்து விநாடியும் அவர் கண்ணாடியில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு அவள் மகளின் தோழிகள் வந்திருந்தார்கள். புது ஆட்கள். அம்மா வேன் கதையை எடுத்தாள். தாகம் வந்தது, பாட்டில் தேடினார்கள், சின்னவ கையில இல்ல இருந்துது என்ற இடமும் வந்தது. என் சிரிப்புக்காக எல்லோரும் ஒரு நொடி காத்திருந்தார்கள்.

வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.

"ஒரு மணி பத்து நிமிஷம்மா" என்றேன்.

"என்னது?"

"நான் அங்க நின்னது. பங்குக்காரர் ஸ்டூல் குடுத்தார், உக்காரல. உக்காந்தா நீங்க வர்றப்போ தெரியாம போயிடுமோன்னு ரோட்டோரத்துலயே நின்னேன். பாட்டில்ல தண்ணி இருந்துது. குடிக்கல. நீங்க கேப்பீங்கன்னு."

அந்தத் தோழிப் பெண்கள் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையில் இருந்த போனைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை எடுத்து எதையோ துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "அவ்வளவு நேரமா? அரை மணிதான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அக்கா என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் வரும் வரைக்கும் கூடவே நின்றாள்.

ஜூன் 23, திங்கள்

காலை ஆறு மணிக்கு அம்மாவின் போன். "சாப்பிட்டியா?" ஆறு மணிக்கு யாராவது சாப்பிடுவார்களா? "இன்னும் இல்லம்மா." "சரி. சாப்பிடு." கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தாள். நானும் வைக்கவில்லை.

ஜூலை 2, புதன்

ஒரு கடிதம் எழுதப் பார்க்கிறேன். அவருக்கு இல்லை, டிப்போவுக்கு. அவருக்கு எழுதினால், என்ன பதில் வரும் என்று பார்க்கத்தான் எழுதுவேன். என்னை எனக்குத் தெரியும்.

'ஐயா, தங்கள் ஓட்டுநர் மூன்று நாட்கள் தாமதமாகப் புறப்பட்டதற்குக் காரணம்.' இதுவரைக்கும் வந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை. மூன்று தாள் போயிற்று. 'காரணம் போக்குவரத்து' என்று ஒரு தடவை எழுதினேன். 'காரணம் தவறான புரிதல்' என்று ஒரு தடவை. பெட்டியின் சோதனை அட்டையில் நடந்ததை எழுதத் தெரிந்தவளுக்கு இதை எழுத ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஜூலை 9, புதன்

எழுதிவிட்டேன். 'ஏப்ரல் 3, 42 விநாடி. ஏப்ரல் 9, 1 நிமிடம் 31 விநாடி. மே 8, 2 நிமிடம் 10 விநாடி. மூன்று நாட்களும் நான் நிறுத்தத்துக்கு அருகில் இருந்தும் வேண்டுமென்றே ஏறவில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார்.'

கடைசி வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அதில் பொய் இல்லை. பாவம் பார்த்து என்றோ, ஒருவேளை என்றோ சேர்க்க எங்கேயும் இடம் இல்லை. நடந்தது அதுதான்.

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு போட்டு டிப்போவுக்குப் போனேன். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை.

"ஒரு நிமிஷம் முப்பத்தொரு விநாடின்னு எப்படிம்மா கரெக்டா தெரியும்?"

"அளந்தேன்."

"அளந்தீங்களா?" பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க அந்த டிரைவருக்கு என்ன வேணும்?"

என்ன வேண்டும்? அதற்கு ஒரு வார்த்தை இருந்தது, மே மாதம் வரைக்கும். "அந்தப் பயணி நான்தான்" என்றேன்.

"இதனால ரூட் எல்லாம் திரும்பக் கிடைக்காது. சொல்லிட்டேன். வண்டியை எடுக்க வேண்டியது டிரைவர் பொறுப்பு."

"தெரியும் சார். ஃபைல்ல இருந்தா போதும்."

முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். காது ரெண்டும் எரிய வெளியே வந்தேன். வாசலில் பதினாலாம் நம்பர் ஒன்று நின்றிருந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்காமல் நடந்தேன். பார்க்காமல் இருந்தது பெரிய சாதனை ஒன்றும் இல்லை. பயம்தான்.

ஜூலை 21, திங்கள்

அவர் கூப்பிட்டார். எழுபத்தோரு நாள். (சரி, எண்ணினேன்தான்.)

"உன் லெட்டரை டிப்போல சத்தமாப் படிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"நான் சிரிக்கல." அதோடு விடவில்லை. "எனக்குக் கோவம் இன்னும் போகல. அன்னிக்கு நீ கதவைத் திறப்பேன்னு படியில நின்னேன்."

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." இதையும் சொல்லிவிட்டேன். மறைக்க இனி என்ன இருக்கிறது? "தப்பு என்னுதுதான். உங்களுதில்ல."

"எனக்குக் கொஞ்ச நாள் வேணும்."

எத்தனை நாள்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வாரமா, மாசமா, திரும்ப வரவே போவதில்லை என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறீர்களா? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு "சரி" என்றேன். வைத்த பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் திரும்பக் கூப்பிட்டு 'நிஜமாவா?' என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கவனித்ததும் நிறுத்தினேன். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினேன். கேட்க ஆள் இல்லை. குரல் மோசம் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் தெருமுனை திரும்பும்போது செய்தி வந்தது. 'ஞாயிறு வரேன். கொஞ்ச நேரம்தான். பேசணும்.'

அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம்தான் என்றால்? பேசணும் என்றால் என்ன பேச்சு? முடித்துக்கொள்கிற பேச்சுக்கும் மனுஷர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். முன்பெல்லாம் அவர் செய்தி வந்தால் நாலு மணி நேரம் காக்க வைத்துத்தான் பதில் போடுவேன். இன்று நின்ற இடத்திலேயே 'வாங்க' என்று அடித்து அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. எதற்காக இருந்தாலும் வரட்டும். வந்தால் கதவு திறந்திருக்கும்.

தலையை நிமிர்த்தினால், ஏழு பத்து நிறுத்தத்தை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது! ஓடினேன். மருந்துக்கடையைத் தாண்டி, அந்த போர்டைத் தாண்டி ஓடினேன். கையைத் தூக்கிவிட்டேன், அதுவும் இரண்டு கையையும். "நிறுத்துங்க! நான் வரேன்! நிறுத்துங்க!" என்று கத்தியது நான்தானா? கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார்.

பஸ் நின்றது. கதவு திறந்தது. அந்தப் புது டிரைவரம்மா, மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

"காது போச்சும்மா. ஏறுங்க."